'ஓகே' அமுக்குவதற்கு முன்னால்...



இந்த மலரைப் புரட்டினால் காதல் கவிதை நாலு இருக்கும். அம்மாவைப் பற்றிய கவிதை ஆறு இருக்கும். கடி ஜோக்ஸ் இருக்கும், 'பிரியாவிடை' இருக்கும். இதற்கெல்லாம் நடுவில் நான் கம்ப்யூட்டரில் வரும் எரர் மெசேஜைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "க்ளாஸ்லதான் இந்தத் தொல்லைன்னா மலர்லயுமா?" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. க்ளாஸில் இது இல்லை என்பதுதானே என் வருத்தமே!

ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ப்ரோகிராமைத் திறக்கிறீர்கள். 'டிங்' என்று ஒரு சத்தம். சிவப்புப் பெருக்கல் குறி போட்ட ஒரு சின்னப் பெட்டி வருகிறது. உள்ளே இரண்டு வரி இங்கிலீஷ், ஒரு நம்பர், கீழே 'ஓகே' என்று ஒரு பட்டன். என்ன செய்வீர்கள்?

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரியை முழுசாகப் படித்தவர் எத்தனை பேர்? ஓகே அமுக்குவோம். மறுபடி திறப்போம். மறுபடி வரும். மறுபடி ஓகே. அப்புறம் ரீஸ்டார்ட். அதற்கும் சரியாகாவிட்டால் பையில் போட்டுக்கொண்டு டவுன் கடைக்கு. அங்கே எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் வைத்திருக்கிறார்கள்: "ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி!"

நான் சொல்ல வருவது இதுதான். அந்தப் பெட்டி வந்தபோதே கம்ப்யூட்டர் தனக்கு என்ன ஆச்சு என்று சொல்லிவிட்டது. நாம்தான் காது கொடுக்கவில்லை. அதற்கு நம்மைத் திட்டிப் பிரயோஜனமும் இல்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

நம்மில் பல பேர் வீட்டில் முதல் கம்ப்யூட்டர் எப்படி வந்தது? 2011-ல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம் வந்த வருஷங்களில் பெரியப்பா மகளோ, அத்தை மகனோ வாங்கியது கை மாறி, கீ இரண்டு உதிர்ந்து, பேட்டரி நிற்காமல், சார்ஜரில் போட்டால் மட்டும் ஓடும் நிலைமையில் நம்மிடம் வந்திருக்கும். எங்க வீட்டில் இருப்பதும் அப்படி வந்ததுதான். எங்க குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு எங்க வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை. "எதையாச்சும் தொட்டுக் கெடுத்துடாத பாப்பா" என்பதுதான் அம்மா சொல்லும் முதல் வார்த்தை. இப்படி வளர்ந்த கைக்கு சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் நடுக்கம் வராமல் என்ன செய்யும்? 'நாம எதையோ உடைச்சிட்டோம்' என்றுதான் தோன்றும். அதுவும் இங்கிலீஷில் வேறு!

ஆனால் எங்க அப்பாவைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போனதில்லை. சின்ன வெங்காயம் போடுகிற பெரம்பலூர் பக்கத்து விவசாயி. வெங்காயத் தாள் முறுக்கிக்கொண்டு சாய ஆரம்பித்தால் கிட்டே போய்க் குனிந்து பார்ப்பார். திருகல் நோயா, தண்ணி நின்றதாலா, பூச்சியா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பக்கத்துக் காட்டிலும் இருக்கா என்று விசாரிப்பார். அதுக்கப்புறம்தான் மருந்துக் கடை. தாள் முறுக்கிவிட்டது என்பதற்காக மொத்தக் காட்டையும் உழுது போட்டுவிட்டு வருகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. டிப்ளமோ படிக்கிற நாம்தான் இரண்டு வரியைப் படிக்காமல் மொத்தக் காட்டையும் உழச் சொல்லிக் காசு கொடுக்கிறோம்.

சரி, ரன்டைம் எரர் என்றால் என்ன? புத்தகத்தில் 'இயக்க நேரப் பிழை' என்று போட்டிருக்கும். என் பாஷையில் சொல்கிறேன். ஜாதகத்தில் பொருத்தம் இல்லை என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்தால் அது கம்பைல் எரர். பத்துப் பொருத்தமும் பார்த்து, தாலி கட்டி, மூன்றாம் நாள் குடித்தனத்தில் சண்டை வந்தால் அது ரன்டைம் எரர்! எழுத்துப் பிழை இல்லை, செமிகோலன் எல்லாம் இருக்கிறது, ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடும்போது எதிர்பாராத ஒன்று குறுக்கே வருகிறது. பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறார்கள், இல்லாத ஃபைலைக் கேட்கிறார்கள், பத்து இடம் உள்ள அரேயில் பதினோராவது இடத்தைத் தொடுகிறார்கள், டப்பாவை விடப் பெரிய பொருளை டப்பாவில் அடைக்கிறார்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு அரியலூர்க்காரர்களுக்கு நல்ல உதாரணம் கொடுக்கலாம். சிமெண்ட் லாரி போகாத ரோடு உங்களுக்கு இல்லை, எடை மேடை இல்லாத ஊர் இல்லை. விஷுவல் பேசிக் 6-ல் ஒரு எடை மேடை ப்ரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடையைக் கிலோவில் 'இன்டிஜர்' வேரியபிளில் போடுகிறோம். சின்ன வண்டி 9,000 கிலோ, சரி. ஆறு சக்கர லாரி 16,000, சரி. ஒரு மாசம் அருமையாக ஓடும். ஒருநாள் பன்னிரண்டு சக்கர லாரி லோடோடு ஏறும், 35,000 கிலோ. அவ்வளவுதான்... 'ரன்டைம் எரர் 6, ஓவர்ஃப்ளோ'! ஏனென்றால் விபி 6-ன் இன்டிஜர் 16 பிட். அதில் பிடிக்கும் பெரிய எண் 32,767. லாரி மேலும் தப்பில்லை, கம்ப்யூட்டர் மேலும் தப்பில்லை. 'இன்டிஜர்' என்ற இடத்தில் 'லாங்' என்று ஒரே வார்த்தையை மாற்றினால் தீர்ந்தது.

இதே 35,000-ஐ டர்போ சி-யில் இன்ட் வேரியபிளில் வாங்கிப் பாருங்கள். எரர் எதுவும் வராது! சத்தமே இல்லாமல் மைனஸ் 30,536 என்று உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் யோசித்தால் இதில் எது நல்லது? பெட்டி காட்டி நிறுத்திய விபியா, வாயை மூடிக்கொண்டு தப்புக் கணக்கு எழுதிய சி-யா? எரர் மெசேஜ் வருவது ஒரு உபகாரம் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கில்தான்.

இந்த 32,767 நம்ம ஊர் லாரியை மட்டும் படுத்தவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியர்களின் புது ராக்கெட் ஏரியன் 5 தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பியது. நாலு செயற்கைக்கோள்கள் உள்ளே. சுமார் 40 விநாடியில் வானத்திலேயே சிதறியது. காரணம், பழைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதிய ப்ரோகிராமின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இன்டிஜருக்குள் அடைத்தது அது. ஏரியன் 5 வேகமான ராக்கெட். எண் அடங்கவில்லை. எடை மேடையில் ஏறிய பன்னிரண்டு சக்கர லாரி கதையேதான்! இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கே தரையிலிருந்து கிளம்பிய பிறகு ஏரியன் 5-க்குத் தேவையில்லாதது.

இன்னொரு கொடுமையும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இந்தக் கட்டுரையே எழுதத் தோன்றியது. திசை பார்க்கும் கருவியில் எரர் வந்ததும் அது நின்றுபோய், தனக்கு என்ன ஆச்சு என்ற விவரத்தை மெயின் கம்ப்யூட்டருக்கு அனுப்பியது. அதாவது, நம்ம பாஷையில் எரர் மெசேஜ். மெயின் கம்ப்யூட்டருக்கு அது எரர் மெசேஜ் என்று தெரியவில்லை! ராக்கெட் போகும் திசையின் அளவு என்று நினைத்துக்கொண்டு, அதை நம்பி எஞ்சின் வாயைத் திருப்பியது. ராக்கெட் முறுக்கிக்கொண்டு உடைந்தது. எரர் வந்தது ஒரு தப்பு. வந்த எரரைச் சரியாகப் படிக்காதது இன்னொரு தப்பு. அத்தனை பெரிய விஞ்ஞானிகள் கட்டிய ராக்கெட்டுக்கே இந்தக் கதி.

இதை வைத்து எரர் மெசேஜ் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில சமயம் அதுவும் ஆளை ஏமாற்றும். டர்போ பாஸ்கல் காலத்தில் 'ரன்டைம் எரர் 200' என்று ஒன்று பேர் போனது. அர்த்தம், பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய் என்பது. ஆனால் ப்ரோகிராமில் தேடினால் பூஜ்யமே இருக்காது. நேற்று வரை ஓடியது, புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டதும் ஓடவில்லை. என்ன நடந்தது என்றால், கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள அது ஆரம்பத்தில் 55 மில்லி செகண்டுக்கு ஒரு லூப்பைச் சுற்ற விட்டு, எத்தனை சுற்று என்பதை 55-ஆல் வகுக்கும். 1990-களின் பிற்பகுதியில் வந்த வேகமான ப்ராசசர்களில் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. விடை அடங்காவிட்டாலும், பூஜ்யத்தால் வகுத்தாலும் ப்ராசசர் அடிக்கும் மணி ஒரே மணிதான். மணியைக் கேட்ட பாஸ்கல் பழியைப் பூஜ்யத்தின் மேல் போட்டுவிட்டது! கம்ப்யூட்டர் நன்றாக ஓடியதால் வந்த எரர் இது. லினக்ஸிலும் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்' என்று வரும், ஃப்ளோட்டே இல்லாத ப்ரோகிராமில். ஆக, மெசேஜைப் படிக்கவும் வேண்டும், சந்தேகப்படவும் வேண்டும். சாட்சி சொல்வதை வக்கீல் கேட்கிற மாதிரி.

இனி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ரொம்ப சகஜமாக வருவது 'விசிரன்டைம்140 டி.எல்.எல். நாட் ஃபவுண்ட்' அல்லது 'எம்எஸ்விசிபி140 மிஸ்ஸிங்'. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு வந்தது. ஊர் வேப்பந்தட்டை பக்கம். ப்ராஜெக்டுக்காக ஒரு சாஃப்ட்வேர் போட்டான், இந்தப் பெட்டி வந்தது. டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போனான். கடை பேர் வேண்டாம். "விண்டோஸ் போச்சு, ஃபார்மட் பண்ணணும், அறுநூறு ரூபா" என்றார்கள். டேட்டா வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அக்கா இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த குரூப் 4 நோட்ஸ் போச்சு. இறந்துபோன தாத்தாவின் போட்டோ போச்சு. வீட்டுக்கு வந்து அதே சாஃப்ட்வேரைப் போட்டான். அதே பெட்டி, அதே இரண்டு வரி!

வராமல் என்ன செய்யும்? அந்த டி.எல்.எல். என்பது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிய ப்ரோகிராம்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் கருவிப் பெட்டி. பல ப்ரோகிராம்கள் 'அது ஏற்கெனவே இங்கே இருக்கும்' என்ற நினைப்பில் வந்து நிற்கும். புதுசாகப் போட்ட விண்டோஸில் அது இல்லாமல் போக வாய்ப்பு இன்னும் அதிகம். ஃபார்மட் அடித்தால் இருப்பதும் போகும். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் 'விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று இலவசமாகவே கிடைக்கிறது. 64 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு ஒன்று. விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் இரண்டையும் போட வேண்டும், ஏனென்றால் 32 பிட் ப்ரோகிராம் தனக்கென்று 32 பிட் கருவிப் பெட்டியைத்தான் தேடும். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அறுநூறு ரூபாய் என்பது அவன் அம்மாவுக்கு இரண்டு நாள் கூலி.

ஒரு எச்சரிக்கை. 'டி.எல்.எல். ஃபைல் மட்டும் தருகிறோம்' என்று ஏகப்பட்ட தளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்துப் போடாதீர்கள். என்ன கலந்து கொடுக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"நீ சொல்றதெல்லாம் சின்ன விஷயம், பெரிய எரருக்கு ஃபார்மட்தான்" என்பவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ ஞாபகப்படுத்துகிறேன். அன்று உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு அப்டேட்தான் காரணம். ப்ரோகிராம் கொடுத்தது 20 மதிப்புகள், புதிதாக வந்த ஃபைலோ 21-வதையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விழுந்தது. முதல் வருஷ சி லேபில் அரே எக்ஸர்சைஸில் நாம் போடும் அதே எரர்! அதற்கு அந்த நிறுவனம் சொன்ன வழி என்ன? சேஃப் மோடில் போய், 291 என்ற எண் உள்ள அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் பண்ணு என்பதுதான். எது கெட்டது என்று தெரிந்ததால் ஃபார்மட் தேவைப்படவில்லை.

எனக்குத் தெரிந்த வழிமுறையைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெட்டி வந்ததும் ஓகே அமுக்காதீர்கள். பல பெட்டிகளில் அது திறந்திருக்கும்போதே கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே காப்பி ஆகிவிடும். இது தெரியாமல் நான் எத்தனை பெட்டியைக் கையால் எழுதியிருப்பேன்! இல்லாவிட்டால் போனில் ஒரு போட்டோ. அடுத்து, இது வருவதற்கு முன்னால் கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள். புது சாஃப்ட்வேரா, அப்டேட்டா, கரண்ட் போச்சா, சி ட்ரைவ் நிரம்பிவிட்டதா? தினமும் ஒரே இடத்தில் வருகிறதா, நினைத்தபோது வருகிறதா? ஒரே இடத்தில் வந்தால் பெரும்பாலும் ப்ரோகிராமோ ஃபைலோதான். நேரம் காலம் இல்லாமல், இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று வந்தால் ராமையோ ஹார்ட் டிஸ்க்கையோ சந்தேகப்படலாம். பெட்டியை மூடிவிட்டாலும் கவலை இல்லை. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு டைரி இருக்கிறது. எந்த ப்ரோகிராம், எந்த மாட்யூலில், எத்தனை மணிக்கு விழுந்தது என்று அதில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். கரண்ட் போய்ப் போய் வந்து விண்டோஸ் ஃபைல்களே கெட்டிருந்தால், கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'எஸ்எஃப்சி', ஒரு இடம் விட்டு 'ஸ்லாஷ் ஸ்கேன்நவ்' கொடுத்தால் அதுவே சரிபார்த்து, முடிந்ததை மாற்றிக்கொள்ளும். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியானால் எதனால் சரியாச்சு என்றே தெரியாது.

நம்மூருக்கென்றே ஒரு எரர் உண்டு. ஆசையாக ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்திருப்போம், அல்லது யூசர் பெயரே தமிழில் இருக்கும். சில பழைய கம்பைலர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஃபைல் கண்ணெதிரே இருக்கும், 'நோ சச் ஃபைல்' என்று சாதிக்கும். லேப் ப்ரோகிராமை மட்டும் இங்கிலீஷ் பெயருள்ள ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். தமிழில் பெயர் வைத்தது தப்பில்லை, படிக்கத் தெரியாதது அதன் குறை!

இங்கிலீஷ் பயத்துக்கு வருகிறேன். எரர் எல்லாம் தமிழில் வந்தால் நல்லது என்பது சிலர் கட்சி. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு அந்த வரியை அப்படியே தேடினால்தான் விடை கிடைக்கிறது, விடைகள் பெரும்பாலும் இங்கிலீஷ் வரிக்குத்தான் இருக்கின்றன. அதனால் நான் வேறு கணக்குப் போட்டேன். இந்தப் பெட்டிகளில் வருவது ஷேக்ஸ்பியர் இங்கிலீஷ் இல்லை. மிஸ்ஸிங், நாட் ஃபவுண்ட், டினைட், இன்வேலிட், ஓவர்ஃப்ளோ, அவுட் ஆஃப் ரேஞ்ச், மிஸ்மேட்ச், ஃபெயில்டு... நான் எண்ணிப் பார்த்த வரை ஒரு முப்பது வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. முப்பது சினிமாப் பாட்டு மனப்பாடமாகத் தெரியாதவர் நம் ஹாஸ்டலில் யாராவது உண்டா?

கடைசியாக, நம் லேபுக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்ட் நோட்டில் எய்ம், அல்காரிதம், ப்ரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று எல்லாம் இருக்கிறது. ரிசல்ட்டில் 'ப்ரோகிராம் வெற்றிகரமாக இயங்கியது' என்று மூன்று வருஷமாக ஒரே வரியை எழுதுகிறோம். அது வெற்றிகரமாக இயங்குவதற்கு முன் ஏழு தடவை விழுந்ததே, அது எங்கே? அதற்குக் கட்டம் இல்லை. படித்ததெல்லாம் அந்த ஏழு தடவையில்தான். ஒவ்வொரு எக்ஸர்சைஸுக்கும் இடது பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்கி, வந்த எரர், காரணம், தீர்த்த விதம் என்று எழுதச் சொல்லலாம். மார்க் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் சிமெண்ட் ஃபேக்டரியிலோ வேறெங்கோ கன்ட்ரோல் பேனல் முன்னால் உட்காரப் போகிறோம். அங்கே சிவப்புப் பெட்டி வந்தால் ஃபார்மட் அடிக்க முடியாது. நம் மாணவர் சங்கம் இதைத் துறைத் தலைவர்களிடம் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அது நடக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து சங்க அறையில் ஒரு நீளமான நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் தங்கள் எரரை அதில் எழுதலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். மூன்று எரர் வந்திருக்கிறது. இரண்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது, ஒரு தோழியின் கம்ப்யூட்டரில் எக்செலை மூடும்போது மட்டும் வருகிறது, திறக்கும்போது வருவதில்லை. இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் வந்து எழுதுங்கள். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது.

— மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை